புண்ணும் பூச்சியும்

திருவண்ணாமலை என்ற பெயரைக் கண்டதும் நேயர்கள் கார்த்திகைத் தீபத்தை நினைத்துக் கொண்டு கன்னத்தில் போட்டுக் கொண்டிருப்பீர்கள். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் நாம் சொல்ல வந்தது வேறு திருவண்ணாமலை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று வெளியே, மேற்கு மலைத் தொடரைப் பார்த்துக் கொண்டு ஒரு சிறு குன்று நிற்கிறது. அதன்மேல் ஸ்ரீநிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். திருப்பதிக்குப் போக வசதியில்லாதவர்கள் அந்தப் பிரார்த்தனையை இங்கே செலுத்திவிட்டுப் போவதுண்டு. ஆகையால் தென் திருப்பதி என்றும் சொல்வார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்து கிளம்பி வந்து அந்தக் குன்றின் மேல் ஏறிவிட்டனவோ என்று தோன்றும்.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையன்று நாமும் ஏறினோம். வெறுங்காலுடன்தான் ஏறினோம். சுமார் பன்னிரண்டு வருஷமாக நமக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்பதையும், அந்த வியாதிக்காரர்களின் பாதத்துக்கு நாளடைவில் உணர்ச்சி மங்கிப் போகும் என்பதையும் பெருமாள் பார்த்துக் கொள்வார் என்று விட்டுவிட்டோம். தரிசனம் திவ்வியமாக ஆயிற்று. இறங்கி, ஊருக்குள் இருக்கும் தமக்கையார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"தம்பி, உன் காலைப் பாரு! வாசலிலிருந்து கூடம் வரையில் சிவப்புக் கோலம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாயே!" என்றார் அக்காள்.

திரும்பிப் பார்த்தோம். வாஸ்தவந்தான். பத்திரிகை வழக்கத்தை ஒட்டி 'நாம்', 'நம்' என்று பன்மையில் எழுதுகிறோமே தவிர, அடிபட்ட கால் ஒன்றுதான். வலது கால். சுண்டு விரலுக்குக் கீழே கூரிய கல் ஒன்று ஆழமாக இறங்கியிருந்தது. வலி கொஞ்சமும் இல்லை. வலியில்லாததே பெரிய அபாயம் என்பது அப்போது நமக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதச் சற்று வெட்கமாக இருக்கிறது. வைத்தியரிடம் போகவில்லை. மருந்துக் கடையில் போய், "புண்ணுக்கு ஏதாவது நல்ல மாத்திரையாகக் கொடுங்கள்" என்றோம். அவர்களும் கொடுத்தார்கள். ஐந்து நாளைக்கு என்று கொடுத்ததில் இரண்டு நாள் தின்றோம், புண் காய்ந்தாற்போலிருந்தது, நிறுத்தினோம். மறு வாரம் மீண்டும் நீர் கசிந்தது. இம்முறை அக்காளுடைய தகர டப்பா திறக்கப்பட்டது. அந்த டப்பாவில் குடும்பத்தில் யாருக்கு எப்போது எந்தக் காய்ச்சல் வந்தாலும் மிச்சப்பட்ட மாத்திரைகளெல்லாம் கிருகஸ்தர்களுக்கே உரிய சிக்கனத்துடன் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அதிலிருந்து நாலு குளிகை. பிறகு இன்னொரு கடையில் இன்னொரு பெயருள்ள மாத்திரை மூன்று. இவ்வாறாக மூன்று வாரத்தில் நாலு வகை ஆண்டிபயாடிக் மருந்துகளை ருசி பார்த்தோம். ஒன்றையாவது முழுக்கச் சாப்பிடவில்லை.

நாலாவது வாரம் விரல் கறுத்தது. மதுரைக்கு ஓடினோம்.

மதுரை டாக்டர் புண்ணிலிருந்து கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து ஒரு காகிதம் வந்தது. அதில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'எஸ்' அல்லது 'ஆர்' என்று ஆங்கில எழுத்து. எண்ணிப் பார்த்தோம். பதினான்கு மருந்தில் பதினொன்றுக்கு 'ஆர்'. பள்ளிக்கூடத்து ஞாபகத்தில் அதை 'ரைட்' என்று எண்ணி, எண்பது சதவிகிதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறிவிட்டதாகச் சந்தோஷப்பட்டோம்.

"ஸார், ஆர் என்றால் ரெஸிஸ்டண்ட். அந்த மருந்து உங்கள் காலில் இருக்கிற கிருமியை ஒன்றும் செய்யாது என்று அர்த்தம்" என்றார் டாக்டர். "தேறியது நீங்கள் இல்லை, க்ளெப்ஸியெல்லா!"

க்ளெப்ஸியெல்லா என்பது நாட்டியக்காரியின் பெயர் போல் இருந்தாலும், ஒரு பாக்டீரியாவின் பெயர்தான்.

பென்ஸிலினைக் கண்டவர் அலெக்ஸாண்டர் பிளெமிங் என்பது நேயர்களுக்குத் தெரியும். 1928-ல் கண்டார்; 1945-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த டிசம்பர் மாதத்தில் பரிசு பெற்றவர் செய்ய வேண்டிய பிரசங்கத்தில் அவர் ஒரு குட்டிக் கதை சொன்னார். எக்ஸ் என்று ஒரு கனவான். அவருக்குத் தொண்டை வலி. கடையில் பென்ஸிலின் வாங்கிக் கிருமியைக் கொல்லப் போதாத அளவில், ஆனால் அதற்கு எதிர்த்து நிற்கப் பயிற்சி கொடுக்கப் போதுமான அளவில் சாப்பிடுகிறார். பயிற்சி பெற்ற கிருமி அவர் மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்குப் பென்ஸிலின் பலிக்கவில்லை, இறந்து போகிறாள். அப்போது பென்ஸிலின் உலகத்துக்குக் கிடைத்துச் சில வருஷங்கூட ஆகவில்லை! அந்த ஸ்ரீமான் எக்ஸ் யார் என்று உலகம் இத்தனை வருஷமாக யோசித்துக் கொண்டிருந்தால், அவர் கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரில் அகப்பட்டார் என்று தெரிவித்துக் கொள்கிறோம்.

இதில் நம் தேசத்துக்கும் ஒரு விசேஷப் பங்கு உண்டு. 2010-ல் 'லான்ஸெட்' குழுவைச் சேர்ந்த வைத்தியப் பத்திரிகை ஒன்றில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிப் புகலிடமென்று வைத்தியர்கள் வைத்திருந்த மருந்துகளையும் உடைத்தெறியும் ஒரு நொதிப் பொருளைக் கொண்ட கிருமிகளைச் சென்னையிலும் ஹரியானாவிலும் இங்கிலாந்திலும் கண்டதாக அதில் இருந்தது. சென்னையில் மட்டும் 44. அந்த நொதிக்கு மேனாட்டார் ஏற்கனவே 'புது தில்லி' என்ற பெயரைச் சேர்த்து நாமகரணம் செய்திருந்தார்கள். வந்ததே கோபம்! பாராளுமன்றத்தில் கூச்சல், சர்க்கார் மறுப்பு. தலைநகரின் பெயரை ஒரு கிருமியின் ஆயுதத்துக்கு வைத்தது தவறுதான். 'லான்ஸெட்' ஆசிரியரே பின்னால் அதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ஆனால் பெயரைக் குறித்து நாம் கொண்ட ரோஷத்தில் கால் பங்காவது அந்தக் கிருமியைக் குறித்துக் கொண்டிருக்கலாம் என்பது நம்முடைய தாழ்மையான அபிப்பிராயம். அப்புறம் 2012-ல் சென்னையிலேயே வைத்தியர்கள் கூடி இதைத் தடுக்க ஒரு திட்டம் வகுத்தார்கள். 2014 மார்ச்சிலிருந்து முக்கியமான சில ஆண்டிபயாடிக்குகளை விற்கும்போது கடைக்காரர் தனிப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று சட்டமும் வந்தது. நமக்கு மாத்திரை கொடுத்தவர்கள் எந்தப் புத்தகத்திலும் ஒன்றும் எழுதியதாக ஞாபகமில்லை. நாம் கேட்கவும் இல்லை.

2019-ம் வருஷம் ஒன்றில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இனி அக்காளின் வைத்தியத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரிக்கு அவர் வரும்போது புடவைத் தலைப்பில் மறைத்து ஒரு பாட்டில் கொண்டு வந்தார். செண்பகத்தோப்புப் பக்கத்தில் மலையில் வசிக்கும் பளியர்கள் பாறையிலிருந்து எடுத்த தேன். "ஊசியைக் குத்திக் குத்தி என்ன கண்டார்கள்? இதைத் தடவு. அப்பாவுக்கு முதுகில் ராஜபிளவை வந்தபோது பாட்டி இதைத்தான் தடவினாள்" என்றார். டாக்டர் அந்தச் சமயம் உள்ளே வந்துவிட்டார். பாட்டிலுக்கு மறைய நேரமில்லை.

டாக்டர் சிரிப்பாரென்று நினைத்தோம். கோபித்துக் கொள்வாரென்றும் நினைத்தோம். இரண்டுமில்லை. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா, உங்கள் பாட்டி முட்டாள் இல்லை. இதில் தேனீ போட்ட மருந்து இருக்கிறது. ஆனால் இந்தப் புண்ணுக்கு இது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?" என்றார் அக்காள். அதற்கு அவர் சொன்னதும், பின்னர் நாம் படுத்த படுக்கையில் படித்துத் தெரிந்து கொண்டதுமே இந்தக் கட்டுரையின் விஷயம்.

தேன் கிருமியைக் கொல்வதற்குச் சர்க்கரையின் அடர்த்தி ஒரு காரணம், புளிப்பு ஒரு காரணம், அதில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு காரணம். 2010-ல் ஆம்ஸ்டர்டாம் விஞ்ஞானிகள் வைத்தியத்துக்கென்று தயாரித்த ஒரு தேனை எடுத்து, இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். நீக்கிய பின்பும் ஏதோ ஒன்று பாக்கி நின்று கிருமியைக் கொன்றது. அது தேனீ தன் உடம்பில் சுரந்து தேனுடன் சேர்த்த ஒரு சிறு புரதம். 'டிபென்ஸின்' என்று பெயர். ஜப்பானியர்கள் 1990-லேயே இதை ராணித் தேனீக்கு ஊட்டும் பாகிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். அமினோ அமிலங்கள் ஐம்பத்தொன்று கோத்த சிறு மாலை. இம்மாதிரிக் குட்டைப் புரதங்களுக்குப் பெப்டைட் என்று பெயர்.

பூச்சிகளுக்கு எதற்கு இந்த மருந்து? கொஞ்சம் யோசித்தால் விளங்கும். நமக்கு ஒரு தரம் அம்மை வந்தால் உடம்பு அதை ஞாபகம் வைத்துக் கொண்டு எதிர்ப் பொருள் செய்கிறது. பூச்சிக்கு அந்த எதிர்ப் பொருள் கிடையாது. ஆனாலும் அழுகல் பழத்திலும் சாணத்திலும் புரண்டு கொண்டு, பல கோடி வருஷங்களாகச் சௌக்கியமாக இருக்கிறது. எப்படி?

ஸ்வீடன் தேசத்தில் ஹான்ஸ் போமான் என்பவர் இந்தக் கேள்வியைப் பிடித்துக் கொண்டார். அமெரிக்காவில் ஸெக்ரோப்பியா என்று ஒரு பெரிய விட்டில் உண்டு. நம்முடைய தஸ்ஸர் பட்டுப் பூச்சிக்குத் தாயாதி. அது கூட்டுப்புழுவாகக் குளிர்காலம் முழுவதும் தூங்கும். தூங்கும்போது உடம்பில் அநேகமாக எந்த வேலையும் நடப்பதில்லை. போமான் அந்தத் தூங்கும் புழுவுக்குள் ஊசியால் கிருமியைச் செலுத்தினார். புழு விழிக்கவில்லை, ஆனால் அதன் இரத்தம் விழித்துக் கொண்டது. மற்ற வேலைகளெல்லாம் நின்று போன வீட்டில் ஒரே ஒரு அடுப்பு மட்டும் எரிந்தால் என்ன சமைக்கிறார்களென்று எளிதில் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அப்படித்தான் புதிதாக உண்டான பொருள்களை அவரும் அவருடைய சகாக்களும் பிரித்தெடுத்தார்கள். 1981-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதற்கு ஸெக்ரோபின் என்று பெயரிட்டார்கள். 37 அமினோ அமிலங்கள் கொண்டது.

அது கொல்லும் விதம் விசித்திரமானது. பாக்டீரியாவின் மேல் தோலில் எதிர் மின்சாரம் அதிகம். இந்தப் பெப்டைடில் நேர் மின்சாரம். ஆகவே ஒட்டிக் கொள்கிறது. ஒட்டியதும் அந்த எண்ணெய்ப் பசையுள்ள தோலுக்குள் புகுந்து பொத்தல் போடுகிறது. உள்ளேயிருப்பது வெளியே கொட்டிக் கிருமி செத்துப் போகிறது. நம்முடைய உயிரணுக்களின் வெளித் தோலில் அவ்வளவு எதிர் மின்சாரம் இல்லாததால் அநேகமாகத் தப்பிக்கின்றன. எல்லாப் பெப்டைடும் இப்படிப் பொத்தல் போடும் முரட்டு ஆசாமி என்று நினைக்கக் கூடாது. தேனீயிடமே அபிடேஸின் என்று இன்னொன்று இருக்கிறது. 1989-ல் கண்டது. அது தோலை உடைக்காமல் நல்லபிள்ளை போல் உள்ளே போய், கிருமி தனக்குப் புரதம் செய்து கொள்ளும் யந்திரத்தில் ஆப்புச் செருகி நிறுத்திவிடுகிறது.

ஈக்களிடத்திலும் இது உண்டு. பழ ஈயைக் கொண்டு இந்தத் தற்காப்பைத் தட்டி எழுப்பும் விசை எது என்று காட்டிய பிரெஞ்சு விஞ்ஞானி ஜூல்ஸ் ஹாப்மனுக்கு 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த விசை கெட்டுப்போன ஈயின் உடம்பு முழுவதும் பூஞ்சைக் காளான் முளைத்து மூடிவிட்டதாம்.

புண்ணில் விழும் புழுவைப் பற்றியும் டாக்டர் சொன்னார். அக்காள் காதைப் பொத்திக் கொண்டார். நேயர்களிலும் சாப்பிட்டுக் கொண்டே படிப்பவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடலாம். 1917-ல், முதல் உலக யுத்தத்தின்போது, வில்லியம் பேயர் என்னும் அமெரிக்க வைத்தியரிடம் இரண்டு சிப்பாய்களைக் கொண்டு வந்தார்கள். தொடை எலும்பு முறிந்து, வயிற்றில் காயத்துடன் ஏழு நாள் போர்க்களத்தில் அன்ன ஆகாரமின்றிக் கிடந்தவர்கள். காயத்தில் ஆயிரக்கணக்கான புழு. ஆனால் ஜுரம் இல்லை. புழுவைக் கழுவியதும் கீழே ரோஜா நிறத்தில் புதுச் சதை! பேயர் பிற்பாடு புழுக்களைச் சுத்தமாக வளர்த்து எலும்புப் புண்களுக்கு வைத்தியம் செய்தார். அவருடைய கட்டுரை 1931-ல் வெளியாயிற்று. பென்ஸிலின் வந்ததும் புழுவை மறந்தார்கள். பென்ஸிலின் தளர்ந்ததும் மீண்டும் நினைத்துக் கொண்டார்கள்: 2004-ல் அமெரிக்க சர்க்கார் இந்தப் புழு வைத்தியத்தை அனுமதித்தது. 2010-ல் அந்தப் புழுவிலிருந்தும் ஒரு டிபென்ஸினைப் பிராக் நகரத்து விஞ்ஞானிகள் பிரித்தார்கள்.

"பின் என்ன தடை? அந்தத் தேனீ மருந்தைப் பாட்டிலில் அடைத்து நம் காலில் ஊற்ற வேண்டியதுதானே?" என்று கேட்டோம்.

தடை பல என்றார். முதலாவது, தேனீயின் டிபென்ஸின் ஒரு ஜாதிக் கிருமிகளைத்தான் முக்கியமாகத் தாக்கும். நம் காலிலிருந்த க்ளெப்ஸியெல்லா வேறு ஜாதி. தவிரவும், அது எல்லாத் தேனிலும் ஒரே அளவு இருப்பதில்லை. பெயர் பெற்ற நியூஸிலாந்து மனூகாத் தேனில் தேடியபோது அகப்படவே இல்லை. பாறையிலிருந்து எடுத்த தேனில் வேறு கிருமிகளின் வித்துக்களும் தூங்கிக் கொண்டிருக்கலாம்; அதனால்தான் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனை நாக்கில்கூடத் தடவக் கூடாது என்கிறார்கள். ஆஸ்பத்திரித் தேன் கதிர்களால் சுத்தி செய்யப்பட்டது.

சுத்தமான பெப்டைடாகவே செய்து கொடுத்தாலோ? வாயால் விழுங்கினால் வயிறு அதைப் பருப்பைப் போல் ஜீரணித்துவிடும். இரத்தத்தில் செலுத்தினால் சில வகைகள் சிவப்பணுக்களையும் உடைக்கும்; தேனீக் கொடுக்கிலுள்ள மெலிட்டின் அந்த ரகம். செய்வதற்குச் செலவும் அதிகம். மேலே பூசலாம் என்று பார்த்தால், அந்தக் கதை நம் காலுக்கு மிகவும் நெருங்கியது. மைக்கேல் ஸாஸ்லாப் என்னும் அமெரிக்கர் 1987-ல் பூச்சிக்குப் பதில் ஒரு தவளையின் தோலிலிருந்து இவ்வகைப் பெப்டைடை எடுத்தார். அதை ஒட்டிச் செய்த மருந்தைச் சர்க்கரை வியாதிக்காரரின் கால் புண்ணுக்கென்றே களிம்பாக்கினார்கள். ஏற்கனவே உள்ள மருந்தைவிட இது உயர்ந்ததாகத் தெரியவில்லை என்று 1999-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதி மறுத்துவிட்டது. வேறொரு கம்பெனி அதை மறுபடி எடுத்துப் பரீட்சித்தது; 2016-ல் அதுவும் தோற்றது.

இந்த ஸாஸ்லாப்பிடம் நமக்கு ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. பெப்டைடுகளுக்குக் கிருமிகள் எதிர்ப்புப் பழகுவது நடக்கிற காரியம் அல்ல என்று அவர் எழுதியிருந்தார். கிரஹாம் பெல் என்னும் விஞ்ஞானி அதை நம்பவில்லை. இருவரும் சண்டை போடாமல் சேர்ந்தே பரீட்சை செய்தார்கள். கிருமிகளை அந்த மருந்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்து, மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். ஆறேழு நூறு தலைமுறைக்குள் கிருமிகள் பழகிவிட்டன. பாக்டீரியாவின் கணக்கில் அது கொஞ்ச காலந்தான்! 2006-ல் இருவர் பெயருடனும் அந்த முடிவு அச்சாயிற்று. தம் வாக்குப் பொய்த்ததைத் தாமே நிரூபித்துக் கையெழுத்திடும் மனிதர்கள் அரசியலில் அதிகம் அகப்படுவதில்லை.

அப்படியானால் பூச்சிகளுக்கு மட்டும் பல கோடி வருஷமாக இந்த ஆயுதம் எப்படி மழுங்காமல் இருக்கிறது? டாக்டர் சொன்ன பதில் நம்மைச் சுட்டது.

"ஸார், பூச்சி ஒன்றை மட்டும் நம்பி இறங்குவதில்லை. காயம் பட்ட சில மணி நேரத்துக்குள் ஐந்தாறு வகைப் பெப்டைடுகளைச் சேர்த்துப் போதுமான அளவில் விடும். ஒன்று பொத்தல் போடும். இன்னொன்று உள்ளே போகும். ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றதில் அகப்படும். இரண்டு நாள் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம் என்று அது ஒருநாளும் செய்வதில்லை."

அவர் நம்மைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக் கொண்டுதான் சொன்னார்.

மேற்படி காகிதத்தில் 'எஸ்' வாங்கியிருந்த மூன்று மருந்துகளில் ஒன்றைத் தினம் மூன்று வேளை இரத்த நாளத்தின் வழியாக ஏற்றினார்கள். பதினான்கு நாள். பாதம் பிழைத்தது. சுண்டு விரல் பிழைக்கவில்லை. ஆறாவது நாள் அதை எடுத்துவிட்டார்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் அதை ஒரு தரம் குனிந்து பார்த்தோம். ஐம்பத்தெட்டு வருஷம் கூடவே நடந்தது. ஒருநாளும் அதைத் தனியாகக் கவனித்ததில்லை.

காலைச் சுற்றிய பாண்டேஜ் துணியின் உறையில் சத்திரப்பட்டி என்று போட்டிருந்தது. ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே தறி ஓடும் வீடுகளின் சத்தத்தைக் கேட்டுக் கொண்டே எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கிறோம். தேசத்தின் புண்களுக்கெல்லாம் கட்டுத் துணி நெய்யும் ஊர் நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்பது, நமக்கே கட்டுப் போட்ட பிறகுதான் உறைத்தது.

மார்கழியில் அக்காள் வீட்டுக்குப் போனோம். தேன் பாட்டில் மாடத்தில் இருந்தது. தடவக் கூடாது, சர்க்கரை வியாதிக்காரராகையால் சாப்பிடவும் கூடாது. எதிர் வீட்டில் பத்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பையன்கள். அவர்களுக்குக் கொடுத்துவிடும்படி சொன்னோம். ஒரு மணி நேரத்தில் பாட்டில் காலியாகித் திரும்பி வந்தது.

பிறகு தகர டப்பாவைக் கேட்டோம்.

"அது எதற்கு?" என்றார் அக்காள்.

காரணத்தை விஸ்தாரமாகச் சொன்னோம். பிளெமிங், எக்ஸ், தில்லி, தூங்கும் கூட்டுப்புழு ஒன்றையும் விடவில்லை. அக்காள் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, டப்பாவை மேல் அலமாரியில் நமக்கு எட்டாத இடத்தில் தள்ளி வைத்து, "இருக்கட்டும் தம்பி, ராத்திரி வேளையில் யாருக்காவது ஜுரம் வந்தால் எங்கே போவது?" என்றார்.

தை பிறந்ததும் இன்னொரு முறை கேட்பதாக இருக்கிறோம்.